சுமைதாங்கிக் கல்லும் நீலிக் கண்ணீரும்

நம் பக்கத்துப் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிகள் சில இன்னும் மிஞ்சியிருக்கின்றன. நட்டு நிறுத்திய இரண்டு கற்கள், மேலே குறுக்காக ஒரு கல். தலைச்சுமையோடு வருகிறவன் யார் தயவுமின்றிச் சுமையை இறக்கி, மூச்சு வாங்கி, திரும்பவும் தலைக்கு ஏற்றிக்கொள்ளத் தோதான உயரம். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக நடப்படுவது அது. அவள் இறக்கிவைக்காமல் கொண்டுபோன பாரத்தை, வழிப்போக்கர்கள் தங்கள் பாரத்தை இறக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடுகிறார்கள் என்பது நம்பிக்கை. துக்கத்தை இவ்வளவு உபயோகமான ஸ்தூலப் பொருளாக மாற்றிய மனம் சாதாரண மனமல்ல. படிமம் படிமம் என்று நாம் பத்திரிகைகளில் மல்லுக்கட்டுவதற்கு எத்தனையோ காலம் முன்பே, பெயர் தெரியாத ஒருவன் மூன்று கற்களில் அதைச் செய்து முடித்திருக்கிறான்.

ஆனால் ஒரு பிரதியில் என்ன இருக்கிறது என்பதோடு என்ன இல்லை என்பதையும் பார்க்கவேண்டியிருக்கிறது. இந்தக் கல்லில் இல்லாதது ஒரே ஒரு தகவல். அவள் எப்படிச் செத்தாள்? உதிரப்போக்கிலா, ஜன்னியிலா, மிதிபட்டா? கல் எல்லாச் சாவுகளையும் ஒன்றாக்கிவிடுகிறது. நட்டவன் பெயர் வெட்டிய கற்களும் உண்டு. நட்டவன் புருஷனாகவும் இருக்கலாம். அவன் அழுதுகொண்டே நட்டிருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அடித்தவன் அழமாட்டான் என்று யார் சொன்னது? அடிக்கிற கைதான் அணைக்கும் என்று பழமொழி செய்து வைத்திருக்கும் ஜனங்கள் நாம். அந்தக் கை கல்லும் நடும்.

கர்ப்பிணி அடிபடுவது பற்றி நம் மொழி எப்படிப் பேசுகிறது, எப்படிப் பேசாமலிருக்கிறது என்பதுதான் இங்கு என் விஷயம். சமூகப் பிரச்னையை இலக்கியப் பத்திரிகைக்குள் கொண்டுவந்து கோஷம் போடுவதாக நண்பர்கள் நினைக்கலாம். நான் பேசப்போவது வாக்கியங்களைப் பற்றி.

'கரு கலைந்தது' என்கிறோம். தமிழில் கலைந்தது தன்வினை, கலைத்தான் பிறவினை. நடுவில் இருப்பது ஒரு மெல்லினம். அது வல்லினமானால் வாக்கியத்துக்குள் ஓர் ஆள் வந்துவிடுகிறான். இந்த ஓரெழுத்து நகர்ந்துவிடாதபடி வீடு முழுவதும், தெரு முழுவதும் காவல் காக்கிறது. 'கிணத்தடியில பாசி, வழுக்கிட்டா.' 'யாரு கண்ணு பட்டுச்சோ.' 'நாலு மாசம், தங்கல.' இந்த வாக்கியங்களில் பாசி இருக்கிறது, கண் இருக்கிறது, மாசம் இருக்கிறது. கை இல்லை, கால் இல்லை. கையும் காலும் வரும் பழமொழி ஒன்றுண்டு: வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம். அங்கேயும் அவை அவளுடைய கையும் அவளுடைய காலும்தான். அவன் காலைப்பற்றிப் பழமொழி கிடையாது.

பாமரர் பேச்சு இது, இலக்கியம் இப்படியல்ல என்று சமாதானப்பட முடியாது. உத்தரகாண்டத்தை எடுத்துக்கொள்வோம். வால்மீகியில் சீதை கர்ப்பமாக இருக்கிறாள். என்ன ஆசை என்று ராமன் கேட்கிறான். கங்கைக்கரை ஆசிரமங்களைப் பார்க்கவேண்டும், ஒரு ராத்திரியாவது அங்கே தங்கவேண்டும் என்கிறாள். மசக்கைக்காரியின் ஆசை. சரி, நாளைக்கே போகலாம் என்கிறான். அதன் பிறகுதான் ஊர்ப்பேச்சு அவன் காதுக்கு வருகிறது. அவளைக் கொண்டுபோய் விட்டுவிடு என்று லட்சுமணனுக்கு உத்தரவு போடும்போது, அவளே கேட்ட ஆசைதானே என்று அந்த ஆசையையே வண்டியில் பூட்டுகிறான். அவள் ரிஷிபத்தினிகளுக்குக் கொடுக்கத் துணியும் நகையும் எடுத்துவைத்துக்கொண்டு சந்தோஷமாக ஏறுகிறாள். இதைவிடக் குரூரமான இடம் இந்திய இலக்கியத்தில் எனக்குத் தெரிந்து அதிகமில்லை. யாரும் கையை ஓங்கவில்லை, கத்தவில்லை. சூலியின் ஆசை, அதை நிறைவேற்றுவதாகச் சொல்லும் புருஷன், கூட்டிப்போக ஒரு தம்பி. செய்தவன் அரண்மனையில் இருக்கிறான், விட்டுவருகிறவன் அழுகிறான். வினைக்கும் வினைமுதலுக்கும் நடுவில் ஒரு காடு.

கம்பன் பட்டாபிஷேகத்தோடு முடித்துக்கொண்டான். ஒட்டக்கூத்தர் பாடியதாகச் சொல்லப்படும் உத்தரகாண்டம் தமிழில் இருக்கிறது, படிப்பார் குறைவு. கம்பன் ஏன் நிறுத்தினான் என்பதற்குக் காவியக் கட்டுக்கோப்பு முதல் பக்தி வரை காரணங்கள் சொல்லலாம், எல்லாம் பொருந்தும். எனக்கு அக்கறை படைத்தவனிடம் இல்லை, நிறுத்திய இடத்தில் நிம்மதியாக நின்றுவிட்ட வாசகர்களிடம். வீட்டுச்சுவரில் பட்டாபிஷேகப் படம். சீதை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கர்ப்பமாவதற்கு முன்பே கதை முடிந்துவிடுகிறது.

புதிய இலக்கியம் என்ன செய்தது? இந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களையும் இதைப்போன்ற மற்றவற்றின் இதழ்களையும் கட்டாக எடுத்துவைத்துப் பாருங்கள். கர்ப்பமும் பிரசவமும் இல்லாத இதழ் அபூர்வம். எல்லாம் நம்முடைய கர்ப்பம், நம்முடைய பிரசவம். கவிதை எழுதுவதைப் பிரசவ வேதனை என்று ஒருதரமாவது சொல்லாத ஆண் நம்மில் யார்? வராத கவிதை மலடு, அரைகுறைக் கவிதை குறைப்பிரசவம், வெளிவராமல் நின்ற பத்திரிகை கருச்சிதைவு. பேறுகாலத்தின் அகராதி முழுவதையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். உரியவளுக்கு ஒரு சொல்லும் மீதி வைக்கவில்லை. கருச்சிதைவு என்ற சொல்லில் ஒரு பெண்ணின் ரத்தம் இருக்கிறது என்பதே பிரக்ஞையிலிருந்து நழுவும் அளவுக்கு அந்தச் சொல்லை நாம் வழவழப்பாக்கியிருக்கிறோம். ஆண் மனத்தின் வெறுமையை, கசப்பை, குற்றவுணர்வை எழுதுவதில் நாம் அடைந்த சூக்ஷ்மம் நிஜமானது. அந்தக் கசந்த மனம் ராத்திரி வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டும்போது திறக்கிறவள் ஆறு மாதமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதோடு கதை நின்றுவிடுகிறது. பட்டாபிஷேகத்தைப் போலவே.

கதை நின்ற இடத்தில் கணக்கெடுப்பு தொடர்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, எப்போதேனும் மணமான பெண்களில் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு 29.3. நம்மைச் சுற்றியிருக்கும் தமிழ்நாட்டில் 38.1. கர்ப்பகாலத்தில் உடல்ரீதியாகத் தாக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் இந்திய அளவில் 3.1. கர்ப்பம் ஒரு கவசம், கை அப்போது தயங்குகிறது என்று இதைப் படிக்கலாம். கலைந்தது என்ற வாக்கியத்தின் பலம் என்றும் படிக்கலாம். இரண்டிலும் உண்மை இருக்கக்கூடும். இந்தக் கேள்விகளை வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் மட்டும், வேறு யாரும் கேட்காத தனிமை கிடைத்தால் மட்டுமே கேட்கவேண்டும் என்பது ஆய்வின் விதி. நம் வீடுகளில் கர்ப்பிணிக்குக் கிடைக்காத முதல் வஸ்து தனிமை.

அதே ஆய்வு இன்னொரு கேள்வியும் கேட்கிறது: கீழ்க்கண்ட காரணங்களுக்காகப் புருஷன் பெண்டாட்டியை அடிப்பது நியாயமா? காரணங்கள் ஏழு. சொல்லாமல் வெளியே போவது, வீட்டையோ பிள்ளைகளையோ கவனிக்காமலிருப்பது, எதிர்த்துப் பேசுவது, படுக்கைக்கு மறுப்பது, சரியாகச் சமைக்காதது, அவன் அவளைச் சந்தேகப்படுவது, மாமனார் மாமியாருக்கு மரியாதை காட்டாதது. இதைக் கர்ப்பிணியின் பக்கம் நின்று படித்துப் பாருங்கள். தாளிக்கும் வாசனைக்கே குமட்டுகிறவள் சரியாகச் சமைக்க முடியாது. உடம்பு முடியாதவள் படுக்கைக்கு மறுப்பாள். படுத்தே கிடந்தால் வீட்டைக் கவனிக்கவில்லை. அம்மாவைப் பார்க்கவேண்டும்போல் இருக்கும், கிளம்பிவிடுவாள். சந்தேகப்படுகிறவனுக்கு வயிற்றைவிடப் பெரிய சாட்சியம் வேண்டாம். குற்றப்பட்டியலில் பாதியை அவள் உடம்பே, அவளைக் கேளாமல், செய்துவிடுகிறது. கர்ப்பத்தின்போதும் அடிக்கிறான் என்பதைவிட, கர்ப்பமே அடிக்கான காரணமாகிவிடுகிறது என்பதுதான் சில வீடுகளின் யதார்த்தம்.

பல நாடுகளில் நடத்திய ஆய்வை உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்டது. கர்ப்பத்தின்போது அடிபட்டதாகச் சொன்னவர்களில் கால் பங்கிலிருந்து பாதிப்பேர் வரை வயிற்றில் உதையோ குத்தோ வாங்கியிருக்கிறார்கள். அடித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குமேல் அந்தக் குழந்தையின் தகப்பன்மார். இந்த ஒரு வரியில், நம் கதைகளில் வராத வாக்கியம் எழுவாயோடும் செயப்படுபொருளோடும் முழுமையாக வந்திருக்கிறது. எழுதியவர்கள் புள்ளிவிவரக்காரர்கள்.

தனிமையில் ஒரு அந்நியரிடம் சொல்லலாம். ஊர் முன்னால் சொல்ல நம் மரபு ஏதாவது வழி வைத்திருக்கிறதா? வைத்திருக்கிறது. அவள் முதலில் பேயாகவேண்டும்.

காரைக்காலில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வேறெங்கும் போகவேண்டாம். ஆனி மாதம் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுகிறோம். சேக்கிழார் சொன்ன கதையில் பரமதத்தன் புனிதவதியை அடிக்கவில்லை. பயந்து ஓடினான், பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டான், அங்கே பிறந்த பெண்ணுக்கு இவள் பெயரை வைத்தான், தேடிவந்தவள் காலில் மனைவி மகளோடு விழுந்தான். அப்போது அவள், இவனுக்காகச் சுமந்த இந்தச் சதைப்பொதி இனி எதற்கு என்று சொல்லி உதறிவிட்டுப் பேயுருவம் கேட்கிறாள். சதை, அவனுக்காகச் சுமந்த ஒரு சுமை. சுமைதாங்கிக்கு அடியில் கிடப்பவள் சாவில் இறக்கியதை இவள் உயிரோடு இறக்கினாள். அதற்கு அவள் பெண்ணுடம்பிலிருந்தே வெளியேற வேண்டியிருந்தது. பேயான பிறகுதான் பாட்டு வருகிறது. பதிகத்தில் வரும் பேயின் வற்றிய முலையையும் குழிந்த வயிற்றையும் பக்தியின் அடையாளமாக மட்டும் படித்துப் பழகியிருக்கிறோம். யாரும் உரிமை கொண்டாட முடியாத வயிறு அது என்று ஒருதரம் படித்துப் பார்க்கலாம்.

அந்தப் பேய் தலையால் நடந்து போய்ச் சேர்ந்த இடம் திருவாலங்காடு. அம்மை தலையால் நடந்த மண்ணைக் காலால் மிதிக்கத் திருஞானசம்பந்தர் தயங்கினார் என்கிறது பெரியபுராணம். நம் மரபில் ஓர் ஆண்கால் தயங்கிய இடம் என்பதால் இதைக் குறித்துக்கொள்கிறேன். ஆலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர். அங்கே இன்னொரு பேய், நீலி.

நீலி கதைக்கு வடிவங்கள் பல. முற்பிறவியில் அவள் கணவன் கையால் கொலையுண்டவள். மறுபிறவியில் அவன் செட்டி. அவள் ஒரு கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேளாளர் சபைமுன் நின்று, இவன் என் புருஷன் என்று அழுகிறாள். இது பேய், என்னைக் கொல்ல வந்திருக்கிறது என்று அவன் கதறுகிறான். பிள்ளையே அப்பா என்கிறதே, பெண்டாட்டியோடு இருந்து வாழ், உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று சொல்லி, எழுபது பேரும் அவனை அவளோடு அனுப்புகிறார்கள். காலையில் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். சத்தியம் தவறாத வேளாளர் பெருமை என்று காலங்காலமாகப் பாராட்டப்படும் கதை.

அந்தச் சபையின் தீர்ப்பைப் பாருங்கள். உயிருக்குப் பயந்து வந்த ஒருவரை, குடும்பம் என்றால் அப்படித்தான், பிள்ளை முகத்தைப் பார், போய் இருந்து வாழ் என்று பயந்த அறைக்குள்ளேயே திருப்பி அனுப்புவது. ஊர்ப் பஞ்சாயத்துகள் எத்தனை தலைமுறையாக இதே தீர்ப்பைச் சொல்லி வருகின்றன! பயந்து வந்தவள் பெண், வயிற்றிலோ இடுப்பிலோ பிள்ளை, என்பது மட்டும் வித்தியாசம். போனவள் திரும்பி வராதபோது எந்தச் சபை தீயில் இறங்கியது? திருப்பி அனுப்பியதற்குச் சபை பொறுப்பேற்றுக்கொண்டதாக நான் அறிந்த ஒரே கதை இதுதான். இதில் பயந்து வந்தவன் ஆண்.

மொழி அந்தக் கதையிலிருந்து எதை எடுத்துக்கொண்டது? கணவன் கையால் அவள் செத்ததை மறந்துவிட்டு, சபையில் அழுத அழுகையை வைத்துக்கொண்டது. நீலிக் கண்ணீர். இன்றைக்கும் அழுதுகொண்டு வாசலில் நிற்பவளை வரவேற்க நாம் தயாராக வைத்திருக்கும் சொல் அது.

பாமாவின் 'சங்கதி' 1994இல் வந்தது. அதில் பாட்டி சொல்லும் கதைகளில் இசக்கி வருகிறாள். சாதி மீறிப் போனதற்காகக் கர்ப்பிணியாக இருக்கும்போதே அண்ணன்மாரால் கொல்லப்பட்டு, பேயாகி, பெண்பிள்ளைகளைப் பிடிப்பவள். புருஷன் இல்லை, பிறந்த வீட்டுக்காரர்கள். தாய்வீடு என்ற நம் கடைசி நம்பிக்கையும் அங்கே போய்விடுகிறது. பாமா கதையோடு நிற்கவில்லை. பேய் ஏன் பொம்பளைகளைப் பிடிக்கிறது, அதிலும் ஓயாமல் உழைத்து உதைபடும் எங்கள் பொம்பளைகளை, என்று கேட்டு, மனத்தில் அடைத்துக்கிடக்கும் பாரத்துக்கு வேறு வடிகால் இல்லாததைக் காட்டுகிறார். நம் பத்திரிகைகளின் ஜாடையே இல்லாத பேச்சுமொழியில், நாம் செய்திருக்கவேண்டிய விமர்சனத்தைச் செய்து முடித்திருக்கிறார்.

பேயோட்டும் கோடாங்கி உடுக்கையை அடித்துவிட்டு முதலில் கேட்பது: நீ யாரு? எங்கேருந்து வந்தே? உனக்கு என்ன வேணும்? பிறகு அவன் சாட்டையால் அடிப்பதும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் அந்த மூன்று கேள்விகளை அவளைப் பார்த்து வேறு யார் கேட்டார்கள்? கர்ப்பிணிகளுக்கு ஆஸ்பத்திரியில் ஓர் அட்டை தருகிறார்கள். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், மூத்திரப் பரிசோதனை, எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. கையில் கன்றிப்போன தடம் எப்படி வந்தது என்று எழுத, நான் பார்த்த அட்டைகளில் கட்டமில்லை.

சட்டம் கேட்கவில்லையா என்றால் கேட்டிருக்கிறது, தாமதமாக. 1954 நவம்பர் வரை இங்கே பிரெஞ்சுக்காரன் ஆட்சி. 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி குலவழக்கத்தைத் துறப்பதாக எழுதிக்கொடுத்தவர்களுக்கு இங்கேயும் பிரெஞ்சு சிவில் சட்டம். 1804இல் எழுதிய அந்தச் சட்டத்தின் 213ஆம் பிரிவு, கணவன் மனைவிக்குப் பாதுகாப்புக் கடன்பட்டவன், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியக் கடன்பட்டவள் என்றது. பிரான்சே 1938இல்தான் கீழ்ப்படிதலை எடுத்தது. பழையனூர் சபைக்கும் பாரிசுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்! வாக்கியம் ஒன்றுதான்: உள்ளே போ, அவன் பார்த்துக்கொள்வான்.

இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ 1983இல் சேர்ந்தது. 2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு. பெண்ணின் சம்மதமில்லாமல் கருவைக் கலைத்தால் 89ஆம் பிரிவு, ஆயுள்தண்டனை வரை. மனைவி மேல் விழுந்த அடி ஒரு பிரிவில், கரு இன்னொரு பிரிவில். ஒரே உதைதான். கருவைக் கலைக்கவென்றே செய்தானா என்று இரண்டாவது பிரிவு கேட்கும்; அவளைத்தான் அடித்தேன், வயிற்றை நினைக்கவில்லை என்று அவன் சொல்லுவான். மறுபடியும் கலைந்தது.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம்தான் இந்த வாக்கிய அமைப்பைக் கொஞ்சம் அசைத்தது. பயந்தவள் அறைக்குள் போகவேண்டியதில்லை. அடித்தவன் வீட்டைவிட்டு வெளியேறவேண்டும் என்று மாஜிஸ்ட்ரேட் உத்தரவிடலாம். தாற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுக் கொடுக்கலாம் என்பது, கூப்பிடு தூரத்தில் வேறு அரசாங்கத்தின் எல்லை தொடங்கும் எங்கள் ஊருக்கு மிக முக்கியம். காரைக்காலில் வாழ்க்கைப்பட்டு, வளைகாப்பு முடிந்து தமிழ்நாட்டுக்குள் தாய்வீடு போனவள், மனுவோடு அடித்தவன் ஊருக்குத் திரும்பி வரவேண்டியதில்லை. சட்டம் இவ்வளவு தெளிவாக எழுதிவிட்ட பிறகும், சமாதானமாகப் போ என்ற சபையின் குரல் வீட்டிலும் தெருவிலும் ஓயவில்லை.

பெண்கள் எழுதுகிறார்கள், எழுதட்டும், இதில் நாம் நுழைவது ஜோடனையாகிவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். அடிபட்டதை நாம் எழுதினால் ஜோடனைதான், ஒப்புக்கொள்கிறேன். அடித்ததை யார் எழுதுவது? ஓங்கிய கையின் உள்ளே என்ன இருந்தது, கீழே விழுந்தவளைப் பார்த்தபோது மனம் என்ன சமாதானம் தேடியது, ஆஸ்பத்திரி வராந்தாவில் வழுக்கி விழுந்தாள் என்று சொல்லும்போது நாக்கு எந்த இடத்தில் தடுக்கியது—இவை ஆணின் அனுபவத் தளத்தில் இருப்பவை. சூக்ஷ்மம் தங்களுக்கே என்று நினைக்கும் நம் படைப்பாளிகள் இறங்காத தளமும் இதுதான். பாவமன்னிப்புக் கதைகள் வேண்டாம். அழுத புருஷன் நட்ட கற்கள் போதுமான அளவு இருக்கின்றன. எனக்கு வேண்டியது கலைத்தான் என்று முடியும் ஒரு வாக்கியம், அதற்குமுன் அவன் பெயர். அப்படி ஒரு கதை இந்தப் பத்திரிகைக்கு வந்தால், அதன் உருவம் சரியில்லை, நடை கரடுமுரடு என்று திருப்பி அனுப்புவதற்கு முன், எந்த அறைக்குள் அதைத் திருப்பி அனுப்புகிறோம் என்று ஆசிரியர் குழு ஒருமுறை யோசிக்கவேண்டும்.